கேட்டில் பிடிபட்ட பொட்டலம்: சிறைக் காவலர்கள் மீதான துறை நடவடிக்கை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு மத்திய சிறையின் அலுவலகப் பிரிவில் பல வருஷம் உட்கார்ந்து குற்றச்சாட்டுக் குறிப்பாணைகளை, அதாவது மெமோக்களைத் தட்டச்சு செய்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு, மெமோ வாங்கியவர்களும் அவர்கள் வீட்டாரும் "அண்ணே, இதுக்கு எப்படிப் பதில் எழுதறது?" என்று தேடி வருகிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். எல்லாம் தமிழ்நாட்டு நடைமுறையை வைத்து. கஞ்சாவை உள்ளே கொண்டுபோனவரைக் காப்பாற்றுவது என் நோக்கமில்லை, அவர் தப்பிப்பதும் அப்பாவி மாட்டுவதும் பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அந்தக் காரணம், முதல் ஒரு மணி நேரத்தில் எழுதப்படும் தாள்.

டூட்டிக்கு வந்த காவலரிடம் கேட்டில் பொட்டலம் கிடைத்தால், அந்த நேரத்தில் என்ன நடக்க வேண்டும்?

மத்திய சிறையின் மெயின் கேட்டுக்கு இரண்டு கதவு. வெளிக்கதவு திறந்திருக்கும்போது உள்கதவு மூடியிருக்கும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்தக் கொஞ்ச இடத்தில்தான் சோதனை நடக்கும். தொப்பி, பெல்ட், பூட்ஸ், சாக்ஸ், டிபன் பாக்ஸ் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். இதற்கான அதிகாரம் 1894ஆம் ஆண்டு சிறைச் சட்டத்தின் 21ஆவது பிரிவில் இருக்கிறது. உள்ளே போகும், வெளியே வரும் எந்தப் பொருளையும் பார்க்கலாம், சந்தேகம் வந்தால் யாரையும் சோதிக்கலாம். யூனிபார்ம் போட்டவருக்கு விலக்கு இல்லை.

பொருள் கிடைத்த உடனே, அதே இடத்தில், ஒரே தாளில் எழுத வேண்டியவை: எத்தனை மணிக்கு, யார் எடுத்தார், எந்த இடத்திலிருந்து எடுத்தார், கூட நின்று பார்த்தவர்கள் யார், எதில் சுற்றியிருந்தது, எந்தத் தராசில் எத்தனை கிராம், யார் சீல் வைத்தார், சீல் வைத்த பொட்டலம் யார் கையில் இருந்தது. அப்புறம் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அறிக்கை, உள்ளூர் காவல் நிலையத்துக்குப் புகார்.

கேட்க எளிதாகத்தான் இருக்கும். நான் பார்த்த ஒரு கோப்பில், ஷூவுக்குள் இருந்த பொட்டலத்தைச் சமையல் ஸ்டோரின் பெரிய தராசில் போட்டு "சுமார் 50 கிராம்" என்று எழுதிவிட்டார்கள். அரிசி மூட்டை நிறுக்கும் தராசு அது. போலீஸ் வந்து எடை போட்டபோது 38 கிராம். மீதி 12 கிராம் எங்கே போனது என்ற ஒரே கேள்வியில் விசாரணை எட்டு மாதம் சுற்றியது. ஷூவுக்குள் பொட்டலம் எப்படி வந்தது என்பதை யாரும் கேட்கவே இல்லை.

சிறை அதிகாரிகளே வழக்குப் போட்டுவிட முடியாதா?

போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தில் சோதனையிடவும் கைப்பற்றவும் அதிகாரம் தரப்பட்ட துறைகள் தனி. அதனால் நடைமுறையில் புகார் கொடுத்து, பொருளையும் ஆளையும் போலீஸிடம் ஒப்படைப்பதுதான் வழக்கம். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி போலீஸ் சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்க வேண்டும். இது இரண்டு பக்கத்துக்குமே நல்லது.

கஞ்சா மட்டும்தானா? பீடி, மாத்திரை என்றால் நடவடிக்கை வேறா?

கிரிமினல் வழக்கு வேறாகும், துறை நடவடிக்கை பெரிதாக மாறாது. பீடிக்கட்டு சிறைக்குள் தடை செய்யப்பட்ட பொருள்தான், ஆனால் போதைப் பொருள் சட்டத்தில் வராது. மாத்திரைகளில் அல்பிரசோலம், நைட்ரசிபம் போன்றவை அந்தச் சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன. டிரமடாலை 2018இல் சேர்த்தார்கள். "டாக்டர் எழுதிக் கொடுத்தது சார்" என்று சீட்டைக் காட்டினால் போதாது. அந்தச் சீட்டு யார் பெயரில் இருக்கிறது, பத்து நாள் மாத்திரை ஏன் ஒரே நாளில் டிபன் பாக்ஸின் அடித்தட்டில் இருந்தது என்பதற்கும் பதில் வேண்டும்.

என் அனுபவத்தில் பாதை எப்போதும் பீடியில்தான் தொடங்குகிறது. முதலில் ஒரு கட்டு பீடி, "பாவம் சார், பழக்கம் விட முடியலை" என்று கைதி கேட்பான். வாங்கிக் கொடுத்தாயிற்று என்றால் அன்றைக்கே காவலர் கைதியின் கையில். அடுத்த வாரம் அவன் கேட்பது பீடியாக இருக்காது, கேட்கும் தொனியும் பழைய தொனியாக இருக்காது.

எந்தெந்தச் சட்டத்தில் மாட்டுவார்?

ஒன்றல்ல, நான்கைந்து.

முதலில் சிறைச் சட்டம். அதன் 42ஆவது பிரிவு, தடை செய்யப்பட்ட பொருளை உள்ளே கொண்டுவருவதைக் குற்றமாக்குகிறது. 1894இல் எழுதிய தண்டனை ஆறு மாதம் வரை சிறை அல்லது 200 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். அந்தக் காலத்து 200 ரூபாய் பெரிய தொகைதான், இன்றைக்கு ஒரு பிரியாணிக் கணக்கு. 54ஆவது பிரிவு சிறை ஊழியர்களுக்கென்றே எழுதியது. கடமை மீறல், விதி மீறல், லீவு முடிந்தும் வராமல் இருப்பது, கோழைத்தனம் என்று எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் போட்டு, மூன்று மாதம் அல்லது 200 ரூபாய் என்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தகவல்: இங்கிலாந்தில் சிறைக்குள் போதைப் பொருள் கொண்டுபோனால் பத்து ஆண்டு வரை சிறை. நம் பழைய சட்டத்துக்கு மாற்றாக மத்திய அரசு 2023இல் ஒரு மாதிரிச் சட்டம் எழுதி மாநிலங்களுக்கு அனுப்பியது. சிறைகள் மாநிலப் பட்டியலில் வருவதால் அதை ஏற்பது மாநிலத்தின் கையில்.

உண்மையான பல் இருப்பது 1985ஆம் ஆண்டு போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தில். கஞ்சா ஒரு கிலோவுக்குக் குறைவு என்றால் சிறிய அளவு, ஓராண்டு வரை சிறை. 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு, பத்து முதல் இருபது ஆண்டு. ஷூவுக்குள் ஒரு கிலோ கொள்ளாது, ஆகவே காவலர்கள் பிடிபடுவது பெரும்பாலும் சிறிய அளவில்தான். இதனால் பலர் "சின்ன கேஸ்தானே" என்று அலட்சியமாக இருக்கிறார்கள். அதே சட்டத்தில் 59ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. இந்தச் சட்டத்தின் கீழ் குற்றம் சாட்டப்பட்டவரைத் தன் காவலில் வைத்திருப்பவர், சட்ட மீறலுக்குத் தெரிந்தே உதவினாலோ கண்டும் காணாமல் இருந்தாலோ, அவருக்குக் குறைந்தது பத்து ஆண்டு, அதிகபட்சம் இருபது ஆண்டு. அளவு எவ்வளவு என்ற பேச்சே அதில் இல்லை. கஞ்சா வழக்கு ரிமாண்ட் கைதிகள் இருக்கும் பிளாக்கில் டூட்டி பார்க்கும் காவலர் அந்த வாசகத்தை ஒரு தடவை நிதானமாகப் படித்துப் பார்ப்பது நல்லது. அரசின் முன் அனுமதியோடுதான் அந்தப் பிரிவில் வழக்குப் போக முடியும், நான் பார்த்த கோப்புகளில் யாரும் அதைத் தொடவும் இல்லை. ஆனால் பிரிவு அங்கேயேதான் இருக்கிறது.

குறைந்தபட்சத் தண்டனை உள்ள குற்றங்களில், குற்றவாளி அரசுப் பதவியில் இருந்துகொண்டு அதைப் பயன்படுத்திச் செய்தார் என்பது தண்டனையைக் கூட்டுவதற்கான காரணம் என்று 32பி பிரிவும் சொல்கிறது. காசு வாங்கியிருந்தால் ஊழல் தடுப்புச் சட்டத்தின் 7ஆவது பிரிவு தனி, மூன்று முதல் ஏழு ஆண்டு.

இதெல்லாம் கோர்ட் சமாச்சாரம். துறையில் மாட்டுவதற்கு, 1973ஆம் ஆண்டு அரசு ஊழியர் நடத்தை விதிகளில் "முழு நேர்மை, கடமையில் ஈடுபாடு" என்று சொல்லும் 20ஆவது விதி ஒன்றே போதும்.

சஸ்பெண்ட் ஆனால் கதை முடிந்ததா?

இல்லை. ஒழுங்கு விதிகளின் 17(e)யில் செய்யும் பணியிடை நீக்கம், விசாரணை முடியும்வரை ஆளைச் சாட்சிகளிடமிருந்தும் கேட்டிலிருந்தும் தள்ளி வைப்பதற்கு. அந்தக் காலத்தில் பிழைப்பூதியம் கிடைக்கும், தொடக்கத்தில் ஏறக்குறைய பாதிச் சம்பளம். இரண்டாம் நிலைக் காவலரின் ஊதிய விகிதம் 18,200இல் தொடங்குகிறது. அதில் பாதியை வைத்துக்கொண்டு வீட்டு வாடகையையும் பள்ளிக்கூடப் பீஸையும் கட்டச் சொன்னால் வீட்டில் என்ன நடக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

குற்றச்சாட்டுக் குறிப்பாணையே கொடுக்காமல் மூன்று மாதத்துக்கு மேல் சஸ்பென்ஷனை இழுக்கக் கூடாது என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதைக் காட்டிப் பலர் மீண்டும் பணிக்கு வந்திருக்கிறார்கள். பெரும்பாலும் அதே சிறைக்கு அல்ல, வேறு ஊருக்கு.

17(ஏ), 17(பி) என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

தமிழ்நாடு குடிமைப் பணிகள் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளின் எண்கள் அவை. தமிழ்க் குறிப்பாணையில் 17(அ), 17(ஆ) என்று இருக்கும். 17(ஏ) சிறிய தண்டனைக்கு: கண்டனம், ஊதிய உயர்வு நிறுத்தம் மாதிரி. எழுத்தில் விளக்கம் வாங்கி முடித்துவிடலாம். 17(பி) பெரிய தண்டனைக்கு, அதில் முழு விசாரணை வேண்டும். கஞ்சா என்றால் கண்ணை மூடிக்கொண்டு 17(பி).

17(பி) மெமோவோடு நான்கு இணைப்பு வர வேண்டும்: குற்றச்சாட்டுகள், அவற்றின் விவரம், ஆவணப் பட்டியல், சாட்சிப் பட்டியல். முதலில் கடைசி இரண்டையும் பாருங்கள். அவற்றில் இல்லாத தாளை வைத்து விசாரணையில் பேசினால் அங்கேயே எழுத்தில் ஆட்சேபம் கொடுக்க வேண்டும்.

மெமோவுக்குப் பதில் எழுதும்போது செய்யும் பெரிய தவறு எது?

கோபமும் அழுகையும். "என் இருபது வருட மாசற்ற சேவையை" என்று தொடங்கி மூன்று பக்கம். அதைப் படிப்பவருக்கு உங்கள் சேவை தேவையில்லை. அன்றைக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பதுதான் தேவை. இரண்டாவது தவறு, "தெரியாமல் செய்துவிட்டேன், மன்னிக்கவும்" என்று யாரோ சொன்னார்கள் என எழுதிக் கொடுப்பது. மன்னிப்பு எழுதினால் லேசாக விட்டுவிடுவார்கள் என்பது பிளாக்கில் சுற்றும் பொய். அந்த ஒரு வரி ஒப்புதல் ஆகிவிடும், அப்புறம் விசாரணையே சடங்கு.

விசாரணை அறையில் உண்மையில் என்ன நடக்கிறது?

சினிமா கோர்ட்டை எதிர்பார்க்காதீர்கள். ஒரு அதிகாரியின் அறை, மின்விசிறிக்குப் படபடக்கும் தாள்கள், மூலையில் கணினியோடு ஒருவர். விசாரணை அதிகாரி சாட்சியைக் கேட்பார், பதில் தட்டச்சாகும், பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து. வழக்கறிஞரை வழக்கமாக விடுவதில்லை. குறுக்கு விசாரணையை மெமோ வாங்கியவரே செய்ய வேண்டும், அங்கேதான் பலர் வாயடைத்துப் போகிறார்கள். நேற்று வரை "ஐயா" என்று சல்யூட் அடித்த உதவி ஜெயிலரைப் பார்த்து "நீங்கள் அப்போது கேட்டில் இருந்தீர்களா?" என்று கேட்க நாக்கு எழாது. வீட்டிலேயே கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். ஐந்து கேள்வி போதும்.

சாட்சி வராமல், அவர் முன்பு கொடுத்த வாக்குமூலத்தை மட்டும் கோப்பில் சேர்த்து "நிரூபணமானது" என்று எழுதுவது பழைய வியாதி. ஆவணத்தை யாராவது வந்து பேசி நிரூபிக்க வேண்டும், போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் மட்டும் போதாது என்று உச்ச நீதிமன்றம் 2009இல் ஒரு வங்கி ஊழியர் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அறிக்கையின் நகலைக் கொடுத்து மேல்விளக்கம் கேட்காமல் தண்டனை போடக் கூடாது என்பது 1993லேயே முடிந்த விஷயம்.

இந்த இடத்தில் என் கதை ஒன்று. டிஸ்மிஸ் ஆன ஒரு காவலர் ஹைகோர்ட் போய் மூன்று வருஷம் கழித்து நிலுவைச் சம்பளத்தோடு வந்து சேர்ந்தார். அவர் கையில் பொட்டலம் இருந்தது உண்மை, பிளாக்கில் எல்லோருக்கும் தெரியும். மெமோவில் பறிமுதல் தேதி 14, பறிமுதலின்போது சாட்சிகள் முன் எழுதிய மகஜரில் 15. பட்டியலில் போட்டிருந்த இரண்டு சாட்சியை யாரும் விசாரிக்கவில்லை. சேர்ந்த அன்று அலுவலகம் முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். என் மேஜைக்கும் வந்தார். 14 என்று தட்டச்சு செய்தது நான்தான். ஒரு துண்டு எடுத்துக்கொண்டேன்.

கோர்ட் வழக்கு முடியும்வரை துறை காத்திருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம். குற்றச்சாட்டும் சாட்சியும் அப்படியே ஒன்றாக இருந்து, சட்டச் சிக்கலும் கனமாக இருந்தால் மட்டும் துறை விசாரணையை நிறுத்தி வைக்கச் சொல்லலாம் என்பது 1999 தீர்ப்பு. நிறுத்தச் சொல்லி வழக்குப் போடுவதற்கு முன் யோசியுங்கள். நின்றால் சஸ்பென்ஷனும் சேர்ந்து நீளும் ஆபத்து உண்டு.

கோர்ட் விடுதலை செய்துவிட்டால் வேலை தானாகத் திரும்பி வருமா?

வராது. அதிகம் ஏமாறும் இடம் இது. கோர்ட்டில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். துறையில் "இப்படித்தான் நடந்திருக்க வாய்ப்பு அதிகம்" என்ற அளவு போதும். தமிழ்நாட்டுக் காவலர் ஒருவர் வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, சாட்சி பிறழ்ந்ததால் கிடைத்த விடுதலை வேறு, மாசற்றவர் என்று கோர்ட் சொல்லும் விடுதலை வேறு என்று.

போதைப் பொருள் வழக்கில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. சோதிக்கப்படுபவருக்கு நீதிபதி அல்லது கெசட்டட் அதிகாரி முன் சோதிக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை 50ஆவது பிரிவில் உண்டு. போலீஸ் அதைச் சொல்லாமல் உடம்பைச் சோதித்திருந்தால் 1999இன் அரசமைப்பு அமர்வுத் தீர்ப்பை வைத்து வழக்கு உடையலாம். அதை வைத்து "பொருளே கிடைக்கவில்லை" என்று துறை விசாரணையில் வாதாட முடியாது, கேட்டில் எடுத்தவர் வந்து ஒழுங்காகச் சாட்சி சொன்னால்.

தண்டனை ஆகிவிட்டால்? விசாரணை இல்லாமல் அரசு ஊழியரை வெளியேற்றக் கூடாது என்று சொல்லும் அரசமைப்பின் 311(2)இன் முதல் விலக்குப்படி முழு விசாரணை இல்லாமலே வெளியேற்றலாம். மேல்முறையீட்டில் தண்டனையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்பது தடை ஆகாது. இதுவும் தமிழ்நாட்டுக் கல்லூரிக் கல்வித் துறை வழக்கொன்றில் 1995இல் முடிவானது.

ஒரே தப்புக்கு இரண்டு தண்டனையா?

துறைத் தண்டனை சட்டத்தின் பார்வையில் குற்றத் தண்டனை அல்ல. 1954 முதல் இதுதான் நிலை.

கையும் களவுமாகப் பிடித்தால் விசாரணையே இல்லாமல் அனுப்பிவிடலாமே?

விசாரணை நடத்த நடைமுறையில் வாய்ப்பே இல்லை என்று காரணம் எழுதி வைத்தால் 311(2)இன் இரண்டாவது விலக்கு உண்டு, 1985 அரசமைப்பு அமர்வும் அதை ஒத்துக்கொண்டது. "பத்திரிகையில் வந்துவிட்டது, மேலிடத்தில் கேட்கிறார்கள்" என்பது காரணம் ஆகாது. கேட்டில் நான்கு காவலர் சாட்சி இருக்கும்போது விசாரணைக்கு வாய்ப்பில்லை என்று எழுதினால் அந்த உத்தரவு ஹைகோர்ட் படியேறி இறங்குவதற்குள் கிழிந்துவிடும். அவசரத்தில் போடும் டிஸ்மிஸ்தான் பின்னாளில் மைசூர்பாகு ஆகிறது.

கைதி சொன்னான் என்பதற்காக ஒரு காவலரைத் தண்டிக்கலாமா?

கைதியின் சாட்சியம் செல்லும், ஆனால் தனியாக அது மட்டும் என்றால் நான் தயங்குவேன். இரண்டு பக்கமும் நடப்பது உண்டு. கண்டிப்பான காவலரை பிளாக்கை விட்டுத் தூக்க, செல்லில் பொருளை வைத்துக்கொண்டு "அவர்தான் கொடுத்தார்" என்று சொல்வார்கள். உண்மையிலேயே கொடுத்தவரைக் காட்டிக் கொடுத்தவன் அடுத்த நாள் வேறு சிறைக்கு மாற்றப்பட்டு, சாட்சி சொல்ல வராமலே போவான். ஆகவே கைதியின் வாக்குமூலத்துக்குத் துணை தேட வேண்டும்: டூட்டி ரோஸ்டர், சாவி ரிஜிஸ்டர், சிசிடிவி. சிசிடிவி பதிவு சில நாளில் தானாக அழிந்து மேலெழுதப்படும். மெமோ வரும்வரை காத்திருக்காமல், சம்பவம் நடந்த வாரத்திலேயே "இந்தத் தேதி, இந்த நேரம், இந்தக் கேமராப் பதிவைப் பாதுகாத்து வையுங்கள்" என்று கண்காணிப்பாளருக்கு மனுக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கொடுக்க மறுத்தால் அந்த மறுப்பே பின்னால் பேசும்.

காசு கைமாறியதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

முன்பெல்லாம் டீக்கடையில் கவர். இப்போது ஜிபே. கைதியின் தம்பி 2,000 ரூபாய் அனுப்புவார், போய்ச் சேருவது காவலரின் மச்சான் எண்ணுக்கு. காவலரின் சொந்தக் கணக்கில் ஒரு பைசா இருக்காது. ஆனால் மச்சானுக்கும் ரிமாண்ட் கைதியின் தம்பிக்கும் என்ன கொடுக்கல் வாங்கல் என்று கேட்டால் பதில் வராது. கைதிகளோடு நேரடியாகவோ மறைமுகமாகவோ பண, வியாபாரத் தொடர்பே கூடாது என்பது சிறைச் சட்டத்தின் 9ஆவது பிரிவு. கஞ்சா நிரூபணமாகாவிட்டாலும் இது தனிக் குற்றச்சாட்டாக நிற்கும். மெமோ எழுதுபவர்கள் இதைப் பல தடவை மறந்துவிடுகிறார்கள்.

கோர்ட்டுக்குப் போய் வரும் வழியில் கைதியிடம் பொருள் வந்தால் யார் பொறுப்பு?

வழிக்காவல் பார்ப்பது ஆயுதப்படைப் போலீஸ். அவர்கள் சிறைத் துறை ஆட்கள் இல்லை, அவர்களுக்கு விதிகளும் வேறு: 1955ஆம் ஆண்டு காவல் சார்நிலைப் பணி ஒழுங்கு விதிகள். கைதி கேட்டுக்குள் வந்து சோதனையில் பிடிபட்டால், வழிக்காவலில் இருந்தவர்கள் "கேட்டில்தான் கிடைத்தது" என்பார்கள், கேட்டில் இருந்தவர்கள் "வெளியிலிருந்துதான் வந்தது" என்பார்கள். இரண்டு துறைக்கும் கடிதம் ஓடிக்கொண்டே இருக்கும், கடைசியில் யாருக்கும் ஒன்றும் ஆகாது. கைதியை ஒப்படைக்கும் நேரத்தில் சோதித்து, அங்கேயே இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டால் இந்தப் பந்தாட்டம் நடக்காது.

நான் கடத்தவில்லை, சோதனையில் கவனிக்காமல் விட்டுவிட்டேன். எனக்கும் அதே தண்டனையா?

இருக்கக் கூடாது. கவனக்குறைவும் உடந்தையும் வேறு வேறு குற்றச்சாட்டு. மெமோவில் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் குழப்பியிருந்தால் அதைப் பதிலில் முதல் பத்தியிலேயே சுட்டிக் காட்டுங்கள். மாலை ஆறு மணிக்கு லாக்கப் நேரத்தில் ஒரே ஆள் கேட்டையும் பார்த்து, மனு பார்க்க, அதாவது கைதியைச் சந்திக்க வந்தவர்களையும் அனுப்பி, ரிஜிஸ்டரும் எழுதினார் என்றால் அன்றைய ரோஸ்டர் நகலை இணையுங்கள். தண்டனை அளவு மனசாட்சியை உலுக்கும்படி இருந்தால் மட்டுமே கோர்ட் அதில் கைவைக்கும், சாட்சியத்தை மறுபடி எடைபோடாது. அளவைப் பற்றிய வாதத்தைத் துறையிலேயே வலுவாக வைத்துவிட வேண்டும்.

காவலரே பழக்கத்துக்கு அடிமையாகிவிட்டால்?

வீட்டார் ரகசியமாகக் கேட்கும் கேள்வி, பெரும்பாலும் மனைவிதான் கேட்பார். பிடிபடும் முன் மருத்துவ விடுப்பு எடுத்து, அரசு மருத்துவமனையின் போதை மீட்புப் பிரிவில் சேருங்கள். சிறிய அளவு வழக்கிலும் உபயோக வழக்கிலும், தானாக முன்வந்து சிகிச்சை பெறுபவருக்குப் போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு விலக்கு தருகிறது. சிகிச்சையை முழுசாக முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. டூட்டியில் போதையோடு இருந்ததற்குத் துறை நடவடிக்கை வரலாம்தான். ஆனால் சிகிச்சைக்குப் போனவரின் கோப்பும், கேட்டில் பிடிபட்டவரின் கோப்பும் ஒரே மாதிரி எழுதப்படுவதில்லை. பழக்கம் இருக்கும் காவலர் கடத்தல்காரனுக்கு மிக மலிவான ஆள். காசுகூட வேண்டாம், சரக்கில் பங்கு போதும்.

பணியறவு, பணிநீக்கம், கட்டாய ஓய்வு: எது எவ்வளவு மோசம்?

பணியறவு என்பதுதான் டிஸ்மிஸ். அதில் பழைய பணிக்காலமும் போகும், அரசு வேலைக்கு மறுபடி வழியும் பொதுவாக மூடும். பணிநீக்கம் என்றால் வேலையும் ஓய்வூதியமும் போகும், ஆனால் வேறு அரசு வேலைக்கு அதுவே தடை ஆகாது. கட்டாய ஓய்வில் ஓய்வூதியப் பலன் கிடைக்கும். 2003 ஏப்ரல் முதல் சேர்ந்தவர்களுக்கு ஓய்வூதியத் திட்டம் வேறு என்பதால் கணக்கும் வேறு, அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மேல்முறையீடு எங்கே?

காவலருக்குப் பொதுவாகக் கண்காணிப்பாளர் உத்தரவு போடுவார், மேல்முறையீடு டிஐஜிக்கு, அதற்கு மேல் தலைமையிடம், அரசு. காலக்கெடு உத்தரவின் கடைசிப் பத்தியில் இருக்கும், உத்தரவு கைக்கு வந்த தேதியைப் பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்குங்கள். அப்புறம் ஹைகோர்ட், தென் மாவட்டத்தார் மதுரைக் கிளைக்கு.

மாட்டுவது எப்போதும் இரண்டாம் நிலைக் காவலர்தானே? மேலே இருப்பவர்கள்?

நியாயமான கேள்வி. கஞ்சா நடந்து வரும் பாதையில் ஷூ போட்டு நடப்பவர் காவலர். அவரிடம் பொருள் கிடைக்கும். அந்தக் காவலரை அதே பிளாக்கில் வருஷக்கணக்கில் யார் போட்டார்கள், சோதனை அணி வரும் நேரம் முன்கூட்டியே எப்படித் தெரிந்தது என்பதற்குப் பொருள் கிடைக்காது, தாள்தான் கிடைக்கும். அந்தத் தாளை யாரும் கேட்பதில்லை. ஒரே பிளாக்கில் ஆறு மாதத்தில் மூன்று தடவை பொருள் பிடிபட்டும் டூட்டி மாற்றப்படவில்லை என்றால், ரோஸ்டரில் கையெழுத்துப் போட்டவருக்கும் ஒரு மெமோ போக வேண்டும் என்பது என் கருத்து. என் பணிக்காலத்தில் அப்படி ஒரு மெமோவை ஒரே ஒரு முறை தட்டச்சு செய்தேன். அது 17(ஏ).

கூட வேலை பார்ப்பவர் செய்கிறார் என்று தெரியும். சொன்னால் நான் தனிமைப்பட்டுவிடுவேன். என்ன செய்வது?

வாய்மொழியாகச் சொல்லாதீர்கள், அது டீ நேரத்துக்குள் அவர் காதுக்குப் போய்விடும். மூடிய உறையில், கண்காணிப்பாளர் பெயருக்கு, பார்த்ததை மட்டும் எழுதுங்கள். "அவர் கடத்துகிறார்" என்று எழுத வேண்டாம். "இந்தத் தேதி இரவு 9.40க்கு மூன்றாம் பிளாக் பின்சுவர் அருகே அவர் டூட்டி இல்லாத இடத்தில் நின்றதைப் பார்த்தேன்" என்று எழுதுங்கள். கண்காணிப்பாளர் மீதே நம்பிக்கை இல்லை என்றால் டிஐஜிக்குப் பதிவுத் தபாலில். நகலும் ஒப்புகைச் சீட்டும் வீட்டில் இருக்கட்டும், குவார்ட்டர்ஸில் வேண்டாம்.

எனக்குத் தெரிந்த ஒரு கேட் காவலர் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தினமும் யார் எத்தனை மணிக்கு உள்ளே போனார், யார் சோதனைக்கு நிற்காமல் போனார் என்று எழுதி வைப்பார். எல்லோரும் கிண்டல் செய்தார்கள், "கணக்குப்பிள்ளை" என்று பெயர்கூட வைத்தார்கள். ஒருநாள் அவர் டூட்டியில் பொருள் உள்ளே போய்விட்டது, அவர் மீது 17(பி). விசாரணையில் அந்த நோட்டைத் திறந்து வைத்தார். அன்றைய தேதியில் ஒரு அதிகாரியின் பெயரும், 'பை பார்க்கவில்லை, பார்க்க வேண்டாம் என்றார்' என்ற வரியும், நேரமும் இருந்தன. விசாரணை அதிகாரி அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, மின்விசிறியை நிறுத்தச் சொன்னார்.